இலையில் இருப்பதும் இலைக்கு வந்த வழியும்

உணவைப் பற்றி நம் முன்னோர் எழுப்பிய அளவுக்கு வினா எழுப்பியவர் உலகில் அரியர். எதை உண்பது, எப்பொழுது உண்பது, நீரை எவ்வாறு வடிகட்டுவது, எப்பொருளை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்றெல்லாம் அவர்கள் வகுத்துத் தந்துள்ளனர். அவ்விதிகளை வழுவாமல் கடைப்பிடிக்கும் இல்லறத்தார் இன்றும் நம்மிடையே பலர் உளர். ஆயினும் சில வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. விலக்க வேண்டியதை விலக்கிவிட்ட அளவில் உணவு பற்றிய நம் கடமை முடிந்துவிடுகிறதா? நாம் உண்ணாத பொருளை விளைவிக்கலாமா, விற்கலாமா? நாம் உண்ணும் பொருள் நம் இலைக்கு வந்து சேரும் வழியில் பிறவுயிர்க்கு நேரும் துன்பத்தில் நமக்குப் பங்கு உண்டா?

இவற்றை ஆராயப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் விளைபொருள்களை எடுத்துக்கொள்வோம். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டில் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் தனி மாவட்டமாக நிலைபெற்றது. கொள்ளிடக் கரையை ஒட்டிய பகுதி நீங்கலாக, இவ்விரு மாவட்டங்களிலும் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகும். கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும், செம்மண் மேடுகளில் முந்திரியும் நிலக்கடலையும் விளைகின்றன. நாள்தோறும் கண்ணில் படும் இப்பொருள்கள் ஒவ்வொன்றிலும் நாம் எண்ணிப் பாராத வியப்பு ஒன்று உண்டு. அவ்வியப்பின் உள்ளே ஓர் அறவினாவும் உண்டு.

வெங்காயம் வேருமன்று, கிழங்குமன்று

பெரம்பலூர் என்றவுடன் வணிகர் நினைவுக்கு வருவது சின்ன வெங்காயம். செட்டிகுளம் வட்டாரத்து வெங்காயத்துக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. இதனைப் பலர் கிழங்கு என்றே கருதுகின்றனர். தாவர நூலார் கூறுவது வேறு. அடியில் நார்போல் தொங்குவனவே வெங்காயத்தின் வேர்கள். அவற்றின் மேல் தட்டையாக ஒட்டியிருக்கும் சிறு வட்டே தண்டு. நாம் உரித்தெடுக்கும் அடுக்குகள் யாவும் உணவைச் சேமித்துப் பருத்த இலையடிகளே. ஆகவே வெங்காயம் என்பது இலைகளின் தொகுதி. உருளைக்கிழங்கோ தண்டு; கேரட் வேர். மூன்றும் மண்ணுக்குள் விளைவதால் நாம் அவற்றை ஓரினமாக எண்ணிவிடுகிறோம்.

வெங்காயம் முழுதாக இருக்கும்வரை கண் எரிவதில்லை என்பதையும் நோக்குக. எரிச்சலை உண்டாக்கும் ஆவி வெங்காயத்துள் முன்னமே இருப்பதன்று. அதற்குரிய மூலப்பொருளும் அதனை மாற்றும் நொதியும் உயிரணுவின் வெவ்வேறு அறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. கத்தி பட்டு அறைச்சுவர் உடைந்ததும் இரண்டும் கலக்கின்றன. அக்கலப்பிலிருந்து பிறக்கும் ஆவியே கண்ணீரை வரவழைக்கிறது. இம்மாற்றத்தின் கடைசிப் படியை நடத்துவது தனியொரு நொதி என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 2002இல்தான் கண்டறிந்தனர். வெங்காயத்துக்கு நம்மைப் போல் வலி உண்டு என்று இதனால் நாம் கூற வரவில்லை. வெட்டுப்பட்டதற்கு அது வாளா இருப்பதில்லை என்பது மட்டும் உறுதி. தாவரத்தை ஓரறிவுயிர் என்று எண்ணிய நம் மரபுக்கு இச்செய்தி அயலானதன்று.

வெங்காயத்தை விலக்குவதற்கு மூத்தோர் கூறும் காரணங்களுள் இரண்டு முதன்மையானவை. மண்ணைக் கிளறும்போது சிற்றுயிர்கள் மடிகின்றன என்பது ஒன்று. ஓருடலில் எண்ணிறந்த உயிர்கள் தங்கும் அனந்தகாயம் அது என்பது மற்றொன்று. இரண்டாவதன் பொருளை வயலிலேயே காணலாம். சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் விதையிட்டு வளர்ப்பதில்லை, வெங்காயத்தையே நடுகின்றனர். ஒன்று நட்டால் ஒரு கொத்தாகப் பெருகுகிறது. விதைக்கென ஒதுக்கியதைக் காற்றோட்டமுள்ள பட்டறையில் மாதக்கணக்கில் காய வைத்திருந்தாலும், ஈரம் பட்டதும் துளிர்க்கிறது. பச்சை இஞ்சியை விலக்குவோருள் பலர் சுக்கை ஏற்பதும் இக்கருத்துப் பற்றியே. உலர்ந்து முளைக்கும் ஆற்றல் அற்றதில் அக்குற்றம் இல்லை என்பர்.

மண்ணுக்குள் காய்க்கும் கடலை

இனி நிலக்கடலையைப் பார்ப்போம். வேர்க்கடலை என்ற பெயர் அதனை வேரின் விளைவு என்று எண்ணச் செய்கிறது. உண்மையில் அது பூவின் விளைவு. மஞ்சள் நிறப் பூ செடியின் மேற்புறத்தில் பூக்கிறது. கருவுற்ற பின் அதன் அடியிலிருந்து ஓர் ஊசி போன்ற காம்பு நீண்டு, கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்து உள்ளே சென்று, அங்கே காயாகிறது. நிலத்துக்கு மேலே பூத்து நிலத்துக்குள்ளே காய்ப்பது பயிர்களுள் மிக அரிது. நிலக்கடலை அவரைக் குடும்பத்துப் பருப்பே ஆதலால், மண்ணுக்குள் இருந்து வந்தும் நம்மவருள் பெரும்பாலோர் அதனை உண்கின்றனர். விலக்கு இடத்தைப் பற்றியதன்று, பொருளின் இயல்பைப் பற்றியது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. வெங்காயத்தை எடுக்கும்போது மண் கிளறப்படுவது போலவே கடலையைப் பிடுங்கும்போதும் மண் கிளறப்படுகிறது. மண்புழுவும் எறும்பும் கடலைக்காட்டில் இல்லாமல் இல்லை. மேலே கூறிய இரு காரணங்களுள் முதலாவது கடலைக்கும் பொருந்தும். அதனால் கடலையை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வயலில் நேரும் இன்னலை நம் இலையில் இருக்கும் பொருள் காட்டிக்கொடுப்பதில்லை என்பதே நாம் கூற வருவது. இலை தூயதாக இருக்கலாம். வயலின் கணக்கு வேறு.

மக்காச்சோளம் செல்லும் இடம்

மூன்றாவது மக்காச்சோளம். பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் இன்று பரந்து காணப்படும் பயிர் இதுவே. மெக்சிகோ நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு புல்லிலிருந்து மக்களால் உருவாக்கப்பட்டது. கதிரின் நுனியில் பட்டு நூல்போல் தொங்கும் இழைகளைச் சிறுவர் பிய்த்து விளையாடுவர். அந்த இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு இணைந்தது. எந்த இழையின் வழியாக மகரந்தம் சேரவில்லையோ அந்த மணி உருவாவதில்லை. கதிரில் மணி வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் இரட்டைப்படையாகவே இருக்கும். மணிகள் தோகைக்குள் இறுகப் பொதிந்திருப்பதால் தாமே உதிர்ந்து பரவ மாட்டா. மனிதன் கை படாவிட்டால் இப்பயிர் சில ஆண்டுகளில் அழிந்துபோகும்.

தானியம் என்ற அளவில் மக்காச்சோளத்துக்கு எந்த விலக்கும் இல்லை. ஆனால் அது செல்லும் இடத்தை நோக்குங்கள். நம் நாட்டில் விளையும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி மக்கள் உணவாவதில்லை, பெருமளவு கோழித் தீவனமாகிறது. கோழித் தீவனத்தில் பாதியளவுக்கு மக்காச்சோளமே இடம்பெறுவது வழக்கம். முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் பெரம்பலூருக்கு அண்மையிலேயே உள்ளது. முட்டையில் கொலை இல்லை என்போரும் உளர். முட்டையிடும் இனத்தில் பொரிக்கும் சேவற்குஞ்சுகள் பயனற்றவை எனப் பிறந்தவுடன் அழிக்கப்படுவது பெரும்பாலான நாடுகளில் அத்தொழிலின் நடைமுறை. முட்டையிட்டு ஓய்ந்த கோழிகள் இறைச்சிக்குச் செல்கின்றன.

இப்பொழுது அடுத்தடுத்த இரு வயல்களை மனத்தில் நிறுத்துவோம். ஒன்றில் வெங்காயம், மற்றொன்றில் மக்காச்சோளம். வெங்காயம் நாம் விலக்கும் பொருள். மக்காச்சோளம் நாம் ஏற்கும் பொருள். ஆனால் வெங்காயம் ஓர் ஏழையின் பழைய சோற்றுக்குத் துணையாகிறது. மக்காச்சோளமோ கூண்டில் அடைபட்ட ஐந்தறிவுயிரின் இரையாகி, பின் கொலைக்களத்தில் முடிகிறது. பொருளை மட்டும் பார்த்து ஒரு வயலைத் தாழ்ந்தது என்றும் மற்றொன்றை உயர்ந்தது என்றும் கூறிவிட முடியுமா?

முந்திரியின் ஓடு

அரியலூர் மாவட்டத்தில் செயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்கள் முந்திரிக்குப் பெயர்பெற்றவை. முந்திரி பிரேசில் நாட்டு மரம். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கடற்கரைக்குக் கொணர்ந்தனர். மஞ்சளாகவும் சிவப்பாகவும் தொங்கும் பழம் தாவர நூலின்படி பழமன்று, பருத்த காம்பே. அதன் அடியில் கொட்டை என்று நாம் சொல்லும் பகுதியே உண்மையான கனி. மாமரமும் சேராங்கொட்டை மரமும் முந்திரியின் உறவினங்கள். சேராங்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து புண்ணாவதை நாட்டுப்புறத்தார் அறிவர். முந்திரியின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயும் அத்தகையதே.

பொங்கலிலும் பாயசத்திலும் நாம் இடும் முந்திரிப்பருப்பு ஒவ்வொன்றும் அந்த ஓட்டை உடைத்தே வெளியே வந்தது. கையால் உடைக்கும் இடங்களில் இப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். விரல்களில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைப்பார்கள். அவ்வாறு செய்தும் கை கறுத்துத் தோல் உரிவது உண்டு. பருப்பை உண்பவர் கையில் அதன் கறை சிறிதும் படுவதில்லை.

இதனினும் கொடியது கேரள மாநிலம் காசர்கோட்டில் நிகழ்ந்தது. அங்கே அரசு நிறுவனத்துக்கு உரிய முந்திரித் தோட்டங்களில் 1970களின் இறுதி முதல் 2000ஆம் ஆண்டு வரை வானூர்தி வழியே எண்டோசல்பான் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. தோட்டத்தைச் சூழ்ந்த ஊர்களில் பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் மிகுந்தன என்று மக்கள் நெடுங்காலம் போராடினர். இறுதியில் 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சுக்கு நாடு முழுதும் தடை விதித்தது. முந்திரிப்பருப்பு பொதுவாக விலக்கப்பட்ட உணவன்று என்பதை இங்கு நினைவிற்கொள்க.

பருத்தியும் பாலும்

பருத்தி உணவுப் பொருளன்றே என்று சிலர் கேட்கலாம். பருத்திக்கொட்டை கறவை மாட்டின் தீவனம். அதனை அரைத்துப் பிழிந்த பருத்திப்பாலும் தமிழகத்தில் பருகும் பொருளே. ஆகவே காலையில் நாம் அருந்தும் பாலுக்கும் பருத்திக்காட்டுக்கும் தொடர்பு உண்டு. அந்தப் பருத்திக்காட்டில் 2017ஆம் ஆண்டில் பூச்சிமருந்து தெளித்தவர்கள் அந்நஞ்சாலேயே உயிர் நீத்தனர். மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் இவ்வாறு மாண்டோர் இருபதின்மருக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டில் பெரம்பலூர்ப் பகுதியிலும் சிலர் மாண்டனர். மறு ஆண்டில் படைப்புழு என்னும் புதிய பூச்சி இந்தியாவுக்குள் புகுந்து பெரம்பலூரின் மக்காச்சோளத்தைப் பேரளவில் அழித்தது. உழவர் முதுகில் மருந்துத் தெளிப்பான் மீண்டும் ஏறியது.

நஞ்சு தெளிப்பவர் பெரும்பாலும் நிலத்துக்கு உரியவர் அல்லர், கூலிக்கு வருபவர். ஆளுயரம் வளர்ந்த பயிருக்கு நடுவே முகத்துக்கு நேராகத் தெளிக்க வேண்டியிருக்கிறது. வெயிலில் வியர்த்த உடம்பில் ஈரச்சட்டை ஒட்டிக்கொள்ள, நஞ்சு தோல் வழியாகவே உள்ளே செல்கிறது. இல்லறத்தார் விலக்கவேண்டிய பதினைந்து வாணிகங்களைச் சுவேதாம்பர நூல்கள் வகுக்கின்றன. அவற்றுள் நஞ்சு விற்றல் ஒன்று. பூச்சிமருந்து என்று ஒன்று இல்லாத காலத்திலேயே இவ்விலக்கு வகுக்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

துணியில் தங்கியது எங்கே செல்கிறது?

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் கூறக்கூடும்: “நம் விதிகள் உண்பவனுக்கு உரியவை. வயலும் சந்தையும் ஆலையும் நம் விதிக்குள் வாரா.” இக்கூற்று சரியன்று என்பதற்கு நம் நடைமுறையிலேயே சான்று உண்டு. அதுதான் நீரை வடிகட்டும் முறை.

கிணற்றில் முகந்த நீரை அடர்ந்த துணியால் வடிகட்டுகிறோம். குடிப்பவன் நலம் மட்டுமே நோக்கம் என்றால் விதி இத்துடன் நின்றிருக்கும். துணியை உதறிவிட்டுப் போகலாம். ஆனால் விதி அங்கே நிற்கவில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை வடிகட்டிய நீராலேயே அலசி, எந்தக் கிணற்றிலிருந்து நீர் வந்ததோ அந்தக் கிணற்றிலேயே விடவேண்டும். வேறு நீரில் விட்டால் அவை வாழமாட்டா. மேலிருந்து கொட்டினாலும் கெடும் என்று, கலத்தை நீர்மட்டம் வரை இறக்கிக் கவிழ்ப்பாரும் உண்டு. குடிக்கும் நீர் தூய்மையாகிவிட்ட பிறகும் குடிப்பவனுக்கு ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. அக்கடமை கிணற்றை நோக்கியது.

இன்று பெரம்பலூர் போன்ற வறள் நிலங்களில் பல நூறு அடி ஆழத்திலிருந்து ஆழ்குழாய்க் கிணறு நீரை ஏற்றுகிறது. குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. துணியில் தங்கியதை வந்த இடத்தில் விடுவதற்கு வழியில்லை. இன்றைய நம் உணவு முழுதுமே ஆழ்குழாய் நீரை ஒத்திருக்கிறது. கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. எங்கிருந்து வந்தது, யார் கை வழியே வந்தது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. வழி தெரியவில்லை என்பதால் கடமை தீர்ந்துவிட்டது என்று கொள்வது பொருந்துமா?

பொருந்தாது என்பதே நமது துணிபு. தீவினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையால் வரும் என்று நம் நூல்கள் கூறுகின்றன. கொல்பவன் ஒருவன், தின்பவன் மற்றொருவன் என்று பிரித்துத் தப்பிக்கும் வாதத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் ஏற்கவில்லை. வாங்குவார் இன்றேல் விற்பாரும் இலர் என்னும் கருத்தை அது வலியுறுத்துகிறது. புலாலுக்கு இதனைக் கூறி மகிழும் நாம், முந்திரிக்கும் பாலுக்கும் இதே அளவுகோலை நீட்டத் தயங்கலாகாது.

எதுவரை பார்ப்பது?

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். இவ்வளவு தொலைவு வழி பார்த்தால் எதைத்தான் உண்பது? மண்ணைக் கீறாமல் நெல்லும் விளையாது. உண்மைதான். இதனை உணர்ந்தே நம் முன்னோர் இல்லறத்தார்க்கு முழு நோன்பு விதிக்காமல் அணுவிரதம் விதித்தனர். கருதிச் செய்யும் கொலையை அறவே விடுக. இல்லப் பணியிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் இன்னலை இயன்ற அளவு குறைத்துக்கொள்க என்றனர். முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரே மக்களுக்கு உழவைக் கற்பித்தார் என்பது நம் மரபு. தமிழ்ச் சமணர் வழிவழியாக உழவர்களே. ஆகவே உழவு தாழ்ந்ததும் அன்று. வயலில் நேரும் எல்லா இன்னலுக்கும் உழவன் ஒருவனே பொறுப்பாளியும் அல்லன்.

எனவே தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு நமக்குத் தோன்றும் விடைகளைச் சுருங்கக் கூறுவோம். விலக்கு நம்மைக் காப்பது, அது வேண்டும். ஆனால் விலக்கினால் பொறுப்பு தீர்வதில்லை. நாம் உண்ணாததை விளைவிப்பவனையும் விற்பவனையும் தாழ்வாக எண்ணுவதற்கு நமக்கு உரிமை இல்லை. நோன்பின் பொருட்டு வெங்காயம் பயிரிட மாட்டேன் என்று ஒருவர் துணிந்தால் அது போற்றத்தக்கது. அவரே அந்நிலத்தில் மக்காச்சோளம் விதைத்துத் தாம் வென்றுவிட்டதாக எண்ணினால் அது நிறைவான எண்ணம் அன்று. தம் மகசூல் எங்கே செல்கிறது என்று கேட்பதும், மாற்றுப் பயிருக்கு நீரும் பொருளும் இடங்கொடுத்தால் மாறுவதும் அவர் கடமை. இடங்கொடாத ஏழை உழவனை நாம் குற்றம் கூறமாட்டோம். முட்டையையும் இறைச்சியையும் கேட்கும் சந்தையே அக்குற்றத்தில் பெரும்பங்கு உடையது.

வணிகத்திலும் இவ்வாறே. வெங்காயம் அழுகும் பொருள், விலையோ நிலையற்றது. திருகல் நோயும் கோழிக்கால் நோயும் தாக்கிய ஆண்டில் முதலே திரும்பாது. விலை உச்சத்தில் இருந்த 2019 டிசம்பரில், நடுவதற்கு வைத்திருந்த விதைவெங்காயமே பெரம்பலூர்ப் பகுதியில் களவு போயிற்று. அத்தகைய பொருளை மண்டிக்குக் கொண்டுவரும் உழவனிடம் கழிவு என்ற பெயரில் மூட்டைக்குச் சில கிலோ பிடித்துக்கொள்வது பல இடங்களில் கண்ட வழக்கம். அளவு குறைத்தலும் களவுப் பொருள் வாங்குதலும் கள்ளாமை விரதத்தின் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணப்பட்டுள்ளன. வெங்காயம் தீண்டாத கையால் தவறான எடை இடுவதைவிட, வெங்காயத்தை நேரிய எடையில் விற்பது அறத்துக்கு அணுக்கமானது.

அதே நூல் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றை நாம் பெரும்பாலும் கால்நடைக்கே பொருத்திப் பார்க்கிறோம். நண்பகல் வெயிலில் கையுறையும் முகக்கவசமும் இன்றி நஞ்சுத் தெளிப்பானை ஒருவர் முதுகில் ஏற்றுவது மிகுபாரம் அன்றோ? வேலை முடிந்ததும் கைகழுவ நீரும் சோப்பும் இல்லாமல் அவரை உண்ண விடுவது எதில் சேரும்?

நிலம் உடையோர் நஞ்சைக் குறைத்து, வேப்பங்கொட்டைக் கரைசல் போன்றவற்றை முதலில் நாடுவாராக. தெளித்தே தீரவேண்டிய நாளில், காலை வேளையில், காற்றின் போக்கறிந்து, தக்க காப்புகளோடு தெளிக்கச் செய்வாராக. முந்திரி வாங்குவோர் அதை உடைத்தவர் கைக்கு என்ன காப்பு இருந்தது என்று ஒருமுறை கேட்பாராக. கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால் விடை கூறும் வணிகரும் பெருகுவர். விழாக்காலத்தில் நூறு இலைக்கு முந்திரி வாங்கும் இடங்களில் இவ்வினா நூறு மடங்கு வலிமை பெறும்.

தூய இலையில் அமர்ந்து உண்பது நற்பேறு. அவ்விலையில் இடப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு வயலும், ஒரு கிணறும், ஒரு மனிதரின் கையும் இருக்கின்றன. துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிரைக் கிணற்றில் கொண்டு சேர்த்த மரபினர் நாம். கண்ணுக்குத் தெரியும் அந்தக் கையை நினையாமல் உண்ணலாமா? சிந்திப்போமாக.